தலை அளக்கும் சொம்பு

என் வீட்டு அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. வயிற்றுப் பகுதியின் அகலம் நாலே முக்கால் அங்குலம். பதினோரு ஆண்டுகள் என் தோள்பையில் கிடந்தது. அடியில் இரண்டு ஒடுக்கு, விளிம்பில் ஒரு கீறல். அதில் யாரும் தண்ணீர் குடித்ததில்லை.

நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வரமுடியுமா என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியானால் நோயாளி விழாமல் இருக்கக் கட்டிலின் பக்கவாட்டில் ஏற்றும் கம்பிகளைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எங்கெங்கே அளப்பது, எந்த அளவு கூடாது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. கையேட்டை ஒழுங்காகப் பின்பற்றி நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நர்ஸ் வேலைக்கு வந்த முதல் பதினைந்து ஆண்டுகள் நான் வார்டில் இருந்தேன். வயதானவர் என்றால் கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி ஏற வேண்டும். அதில் கேள்விக்கு இடமில்லை. டூட்டி மாறும்போது வருகிறவர் "கம்பி?" என்பார், போகிறவர் "ஏத்தியாச்சு" என்பார். ஒரு நாள் காலை டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஏறியிருந்த கம்பியின் மேல் காலைப் போட்டு இறங்கப் பார்த்தார். கட்டில் உயரத்திலிருந்து விழ வேண்டியவர் கம்பி உயரத்திலிருந்து விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டு முடித்த பிறகு எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குத்தாம்மா. பொம்பளப் புள்ளைங்களப் போயி இதுக்கு எப்படிக் கூப்புடுறது?"

அறிக்கையில் "இரு பக்கமும் கம்பி ஏற்றப்பட்டிருந்தது" என்று எழுதினேன். அவர் எங்கே கிளம்பினார் என்பதை எழுதவில்லை. அந்தத் தாளில் அதற்கு இடமும் இல்லை. மேலதிகாரிகள் படித்துவிட்டு, என் மீது தவறில்லை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த விவசாயியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

பிறகு வீட்டுப் பராமரிப்புப் பிரிவு தொடங்கியபோது கேட்டு வாங்கிக்கொண்டு அதில் சேர்ந்தேன். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, வாசலில் செருப்பை விட்டு, முற்றத்துக் குழாயில் கை கழுவி, ஒரு வீட்டுக்குள் போய் ஒரு மனிதரைப் பார்ப்பது. வார்டில் நாற்பது கட்டில், இங்கே ஒன்று. குடமுருட்டிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது காலை வெயிலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போவதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் போனால் அது ஒரு அழகு. போகாவிட்டால் மணலில் மாடுகள் நிற்கும். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வாடகைக் கட்டில்கள் பெருகின. மருத்துவமனைக் கட்டிலைப் போலவே கைப்பிடி சுற்றி உயர்த்துவது, பக்கத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு. மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தால் சாயங்காலத்துக்குள் கடைக்காரர் கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். மெத்தை ஒரு கட்டிலுடையதாக இருக்கும், கம்பி வேறு கட்டிலுடையதாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இடுக்கு விழும். மெலிந்த பெரியவர் ஒருவர் அந்த இடுக்கில் சரிந்தால் தலை மாட்டிக்கொள்ளும். அதனால் எங்களைக் கட்டிலையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

சின்னத் தலை உள்ள பெரியவர்களுக்குக் காதிலிருந்து காது வரை ஏறத்தாழ நாலே முக்கால் அங்குலம் என்று பயிற்சியில் சொன்னார்கள். அளக்கும் கருவி பிறகு வரும் என்றார்கள். டேப்பை வைத்து அளந்தால் சும்மா இருக்கும் இடுக்குதான் தெரிகிறது. தலை அழுத்தும்போது மெத்தை ஓரம் எவ்வளவு அமுங்கும் என்பது தெரிவதில்லை. கனமான, உருண்டையான ஏதாவது வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். ஒவ்வொரு சொம்பாக எடுத்து வயிற்றை அளப்பதைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசைக்காம்மா, பொழக்கத்துக்கா?"

"தலை அளக்க."

அவர் என் தலையைப் பார்த்தார். "இது பத்தாதேம்மா. அண்டால்லாம் உள்ள இருக்கு, காட்டச் சொல்லவா?"

அப்படித்தான் அந்தத் திருகுமூடிச் சொம்பு வந்தது. போகிற வீட்டில் அதில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்துக் கையால் அழுத்துவேன். இறங்கினால் கட்டில் ஆகாது. இறங்காவிட்டால் கையெழுத்து.

நீடாமங்கலம் தாண்டி ஒரு சிறிய ஊரில் மைமூன் அம்மாவின் வீடு. எழுபத்து நான்கு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, அறுவை செய்து, ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்திருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் சலீம் ஷார்ஜாவில். மருமகள் பர்வீனும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் உடன் இருந்தார்கள். இன்னொரு முறை விழுந்தால் இன்னொரு அறுவையை அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சலீமிடம் போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அந்த வீடு நடந்துகொண்டிருந்தது. நான் போவதற்கு முதல் நாள் சலீம் என்னை அழைத்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அம்மா இன்னொரு தடவ விழக்கூடாது. கட்டில் நல்லதாத்தான் எடுத்துருக்கேன். கேமராவும் மாட்டிட்டேன். வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

முதல் முறை போனபோது எல்லாம் சரியாக இருந்தது. நீல ரெக்சின் மெத்தை கட்டிலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. சொம்பு எங்கேயும் இறங்கவில்லை. தாழ்ப்பாள் உறுதியாக விழுந்தது. கால்மாட்டில் மட்டும் கம்பி முடிந்த பிறகு ஒன்றரை அடி திறப்பு இருந்தது. அது அந்த வகைக் கட்டிலின் அமைப்பு. படிவத்தில் பதினோரு கட்டங்கள். பதினொன்றிலும் டிக் அடித்தேன். "இரு பக்கமும் கம்பி எப்போதும் ஏறியிருக்கட்டும்" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் மைமூன் அம்மா பேசியது இரண்டே வாக்கியம். வந்தபோது "வாம்மா" என்றார். கிளம்பும்போது "இந்த மெத்த சுடுதும்மா, முதுகெல்லாம் பொசுங்குது" என்றார். நான் சிரித்து, "கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க" என்றேன். அதை எழுதுவதற்கும் கட்டம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பர்வீன் அழைத்தார். குரல் பாதியாக இருந்தது.

"சிஸ்டர், இன்னிக்கி வர முடியுமா?"

"வியாழக்கிழமைதானே வரணும்? என்னம்மா?"

"மாமி கையில நீலமா கன்னியிருக்கு. விழுந்தாங்களான்னா இல்லங்கிறாங்க. கட்டிலுக்குக் கீழ வச்ச செருப்பு இடம் மாறிக் கெடக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க, என்னயத்தான் ஏசுவாங்க."

மாமி என்றது மாமியாரை, மச்சான் என்றது கணவர் சலீமை. அன்றைக்கு எனக்குப் பாபநாசத்தில் ஒரு வீடு பாக்கி இருந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். எது முதலில் என்று முடிவு செய்ய எனக்கு இருந்தது அந்தக் குரல் மட்டும். செருப்பு இடம் மாறியிருக்கிறது என்றால் கால் தரையைத் தொட்டிருக்கிறது. பாபநாசத்துக்குப் போன் செய்து நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நீடாமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பாதையில் போயிருப்பவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வெற்றிலை போட்டார். கடலை விற்பவர் ஏறி இறங்கினார். நான் கண்டக்டரிடம் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"ரயிலுக்கு இஞ்சின் கழட்டித் திருப்பி மாட்டணும்ல சிஸ்டர். தொறந்துட்டா பறந்துருவோம்."

"முன்னால இத்தனை வண்டி நிக்குதே, எதுக்கு மேல பறப்பீங்க?"

"அப்ப எறங்கி நடங்க. நடக்குறவங்களுக்கு ஹாரன் அடிக்க மாட்டோம்."

இறங்கிப் போய் கேட்டின் முன் நின்றேன். திறந்ததும் முதல் ஆளாகக் கடந்து, அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறினேன். சாலையின் இரு பக்கமும் நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர். வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. போய்ச் சேரும்போது நாலு மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தன.

பர்வீன் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பேத்தியின் பள்ளி வேன் தெருமுனைக்கு வரும் நேரம்.

"மாமி தூங்குறாங்க சிஸ்டர். உங்ககிட்ட பேசிட்டு மச்சான்கிட்ட நானே சொல்லிட்டேன், மறைக்க மனசு வரல. கால்மாட்டு வழியாத்தான் எறங்கியிருப்பாங்க, அதக் கட்டுன்னாங்க. கட்டிட்டேன். அப்பறமும் பயம் போகல."

அப்போது நான் அறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது கட்டில் அல்ல. கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த நீல ரெக்சின் மெத்தை. அது இங்கே நிற்கிறது என்றால் கட்டிலில் என்ன இருக்கிறது என்று நினைத்ததும் பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. அடுத்து இரும்பு அதிர்ந்த சத்தம் கேட்டது.

கட்டிலில் இருந்தது வீட்டு இலவம்பஞ்சு மெத்தை. மரக்கட்டிலுக்காகத் தைத்தது. அகலத்தில் பக்கத்துக்கு ஆறு விரல் குறைவு. ஓரம் முழுவதும் பஞ்சு இளகித் தொய்ந்திருந்தது. கால்மாட்டுத் திறப்பில் ஒரு பச்சைத் துப்பட்டா குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மைமூன் அம்மா பக்கவாட்டில் சரிந்திருந்தார். ஒரு தோளும் தலையும் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் இறங்கியிருந்தன. கழுத்து கம்பியின் கீழ்க்குழாயில் அழுந்தியிருந்தது. சத்தம் போடவில்லை. போட முடியவில்லை. வெளியே வந்தது மூச்சு இழுபடும் ஒரு சீறல் மட்டும்.

பர்வீன் பாய்ந்து தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"கம்பியத் தொடாதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மாமியார் மாட்டியிருக்கிறார், கம்பியை இறக்காதே என்கிறாள் இவள். ஆனால் உடம்பின் பாரம் முழுவதும் கம்பி மேல் இருந்தது. தாழ்ப்பாளை எடுத்தால் கம்பி கீழே இறங்கும், கழுத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

"அந்தப் பக்கம் போ. மெத்தையப் புடிச்சு உன் பக்கம் இழு. அவங்களோட சேத்து இழு."

நான் மண்டியிட்டு இரண்டு கையையும் கீழே விட்டுத் தலையைத் தாங்கினேன். மெத்தை நகர்ந்தது. இடுப்பும் கூட நகர்ந்தது. இடுக்கு அகன்றது. ஒரு காது, பிறகு மறு காது, பிறகு தலை முழுவதுமாக என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மேலே தூக்கித் தலையணையில் வைத்தேன். பள்ளிவாசலில் பாங்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.

மூச்சைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன், கை விரலையும் கால் விரலையும் அசைக்கச் சொன்னேன். இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்தில் ஒரு சிவந்த கோடு. மற்றபடி ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்துக் கம்பியை இறக்கினேன்.

சுவரில் இருந்த கேமரா பேசியது.

"பர்வீன், யாரது? கம்பி ஏன் எறங்குது? ஏத்து, ஏத்து."

நான் கேமராவைப் பார்த்து யார் என்று சொன்னேன். அம்மாவின் தலை இடுக்கில் மாட்டியது, எடுத்துவிட்டோம், மூச்சு சீராக இருக்கிறது என்றேன்.

"நான் பாத்துட்டுத்தானே இருந்தேன். கம்பி ஏறித்தானே இருந்துச்சு? எப்படி மாட்டும்?"

அந்தக் கேமரா கூரைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கம்பி ஒரு நேர்க்கோடு. மெத்தை ஒரு வெள்ளைப் பரப்பு. நடுவில் இருக்கும் பள்ளம் தெரியாது. ஷார்ஜாவில் ஒருவர் நாளெல்லாம் அந்த நேர்க்கோட்டைப் பார்த்து நிம்மதியாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

மைமூன் அம்மாவைப் பர்வீன் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்தார். நான் மெத்தையை முன்பு இருந்த இடத்துக்குத் தள்ளிக் கம்பியை ஏற்றினேன். பையிலிருந்து சொம்பை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினேன்.

"இதான் உங்கம்மா தலை. பாருங்க."

தண்ணீர்கூட நிரப்பவில்லை. அழுத்தவும் இல்லை. இடுக்கில் வைத்துக் கையை எடுத்தேன். சொம்பு உள்ளே போனது. தரையில் விழுந்து டங்கென்று ஒலித்து உருண்டது. அடியில் இருக்கும் இரண்டு ஒடுக்கில் ஒன்று அன்று விழுந்தது. அந்தச் சத்தம் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

"மெத்த சுடுதுன்னாங்க" என்றார் சலீம். குரல் வேறாக இருந்தது. "நாந்தான் மாத்தச் சொன்னேன். அம்மா கேட்டு நான் எதையும் இல்லன்னதில்ல."

"என்கிட்டயும் சொன்னாங்க" என்றேன். "நான் எழுதிக்கல. கம்பி எப்பவும் ஏறியிருக்கணும்னு எழுதுனதும் நாந்தான். தப்பு ரெண்டும் என்னோடது. இவங்கள ஏசாதீங்க."

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டார். நான் மைமூன் அம்மாவிடம் திரும்பினேன். முதல் முறை வந்தபோது கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"அம்மா, எறங்கி எங்க போகப் பாத்தீங்க?"

"எங்க போவேன், சினிமாவுக்கா?" என்றார். குரல் கரகரத்தது, கழுத்தைத் தடவிக்கொண்டார். "பாங்கு சொன்னா ஒளு செய்ய வேண்டாமா?"

ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது. பர்வீன் மெதுவாகச் சொன்னார்: "மத்த நேரமெல்லாம் நான் பக்கத்துலயே இருப்பேன் சிஸ்டர், தண்ணி கொண்டாந்து ஊத்துவேன். அஸருக்கு மட்டும் புள்ளய அழைக்கப் போயிருவேன். நேத்து நான் திரும்பி வந்தப்ப மாமி சட்டைக் கை ரெண்டும் நனைஞ்சிருந்துச்சு. தண்ணி குடிக்கையில சிந்திக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"கழுவாமத் தொழ முடியாத நெலமன்னா அதுக்கும் வழி இருக்குன்னு பள்ளிவாசல் அஜரத் சொன்னாரே அம்மா" என்றார் கேமராவிலிருந்து சலீம்.

"முடியாதவங்களுக்குச் சொன்னாரு. எனக்கு என்ன முடியல? ஆறடில பாத்ரூம் இருக்கு. ஒனக்குத் தூக்கம் வரணும்னு என்னயக் கூண்டுல போட்டுருக்க."

நான் அப்போது செய்ததை நீங்களும் செய்ய வேண்டும். கட்டிலில் ஏறிப் படுத்தேன். பர்வீனை இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றச் சொன்னேன். அதுவரை எத்தனையோ கட்டில்களை அளந்திருக்கிறேன். எல்லாவற்றையும் நின்றுகொண்டே அளந்திருக்கிறேன். படுத்தபோது அறை வேறாக இருந்தது. வாசல் தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. கம்பிகளுக்கு நடுவில் நேர் எதிரே தெரிந்தது ஒன்றுதான்: பாதி திறந்த குளியலறைக் கதவு, அதற்குள் ஒரு சிவப்பு வாளி.

"படுத்தாச்சா?" என்றார் மைமூன் அம்மா நாற்காலியிலிருந்து. "இப்ப எறங்கு பாப்போம்."

கால் தானாகக் கால்மாட்டுக்குப் போனது. துப்பட்டா தடுத்தது. புரண்டு பக்கவாட்டில் கம்பியைப் பிடித்தேன். மெத்தை ஓரம் அமுங்கி என் தோள் இடுக்கை நோக்கிச் சரிந்தது. கிழவி சிரிக்க ஆரம்பித்தார். கழுத்து வலியோடு அவர் சிரித்ததைப் பார்த்துப் பர்வீனும் சிரித்து, உடனே அழுதார்.

என் அம்மா நடவுக்குப் போனவர். வரப்பில் நின்றுகொண்டு வரிசை கோணல் என்று சொல்கிறவரைப் பார்த்து, "கொஞ்சம் எறங்கி வந்து சொல்லுங்க ஐயா" என்பார். அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு அந்தக் குரல் கேட்டது.

முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அதையும் கேமராவின் முன்பே எடுக்க வேண்டியிருந்தது. ரெக்சின் மெத்தை திரும்பவும் கட்டிலுக்கு; அதன் மேல் பழைய பருத்திப் புடவைகளை நாலாக மடித்து விரித்து, ஓரத்தை அடியில் செருகித் தைத்துவிடுவது, சூடு தெரியாது. கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துவது. குளியலறைப் பக்கத்துக் கம்பியைக் கழற்றிவிட்டு, தலைமாட்டில் பிடித்து எழுந்திருக்க ஒரு சிறிய பிடிக்கம்பி மட்டும். வாக்கர் மூலையில் நிற்காமல் கை எட்டும் தூரத்தில். கட்டிலோரம் உட்கார்ந்து அழுத்த ஒரு அழைப்புமணி. கடைசியாக, பர்வீன் வேனுக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பே மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீரும் ஒரு பேசினும் கொண்டுவந்து ஒளு செய்ய வைத்துவிட்டுப் போவது.

"கம்பி இல்லாம விழுந்துட்டாங்கன்னா?" என்றார் சலீம்.

"விழவே மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க. விழுந்தா இந்த ஒசரத்துலேருந்து விழுவாங்க." என் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். "கம்பியோட வச்சா என்ன ஆகும்னு இன்னிக்கிப் பாத்தோம். உங்களுக்குப் பயம் போகாது. எனக்கும் போகாது. அவங்களுக்கு எறங்கறதுக்கு ஒரு வழி வேணும்."

சலீம், "அம்மா, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அதைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மொதல்ல அந்தப் பொட்டிய எறக்கு. எம் மூஞ்சியப் பாக்கணும்னா போன்ல பாரு."

அன்று திரும்பி வந்து அறிக்கையை நானே எழுதினேன். முதல் வருகையில் நோயாளி மெத்தை சுடுகிறது என்று சொன்னதும், நான் அதைக் குறிக்காததும், கம்பி எப்போதும் ஏறியிருக்க வேண்டும் என்று காரணம் கேட்காமல் எழுதியதும் வரிசையாக. பிரிவின் பொறுப்பு டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க மேல நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றார். மன்னார்குடி விவசாயி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் படிவத்தை இழுத்து, பதினோரு கட்டங்களுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி எழுதினார். இன்று உங்கள் படிவத்தில் அச்சாகி இருக்கும் பன்னிரண்டாவது வரி அது: "இறங்கினால் எங்கே போவார்?" உங்களில் சிலர் அதில் "பொருந்தாது" என்று எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். எங்கேயும் போக விருப்பமில்லாத ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நான் ஓய்வு பெறும் வரை அந்த வீட்டிலிருந்து விழுந்தார் என்ற செய்தி வரவில்லை. அதற்கு என் ஏற்பாடுதான் காரணம் என்று சொல்லத் துணிய மாட்டேன். பர்வீன் வேன்காரரிடம் பேசி வண்டியை வீட்டு வாசலுக்கே வரவைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் போட்ட திட்டத்தில் அது இல்லை. சலீம் விடுமுறையில் வந்தபோது கேமராவைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கெல்லாம் முன்னால், அந்த வியாழக்கிழமை. முறைப்படி நான் போக வேண்டியிருந்த நாள். மெத்தை மாறியிருந்தது, கட்டில் தாழ்ந்திருந்தது. சுவர்ப்பக்கத்துக் கம்பி மட்டும் மிச்சம் இருந்ததால் அங்கே இடுக்கைப் பார்க்கச் சொம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தேன். மைமூன் அம்மா கட்டிலோரத்தில், கால் தரையில் பட, உட்கார்ந்திருந்தார். பேசின் பக்கத்தில் இருந்தது. பர்வீன் கிண்டியை எடுக்க உள்ளே போயிருந்தார். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அவர் என் கையைப் பார்த்தார்.

"அதான் தண்ணி வச்சிருக்கியே. ஊத்து."

"இது தலை அளக்கற சொம்பும்மா."

"அளந்தது போதும், ஊத்து."

மூடியைத் திறந்து ஊற்றினேன். கை, வாய், முகம், முழங்கை என்று அவர் ஒவ்வொன்றாகக் கழுவினார். அவசரமே இல்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஊற்ற வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னார். கால் கழுவும் முறை வந்தபோது பர்வீன் வந்து குனிந்துகொண்டார். சொம்பு காலியானது. மைமூன் அம்மா ஈரக் கையால் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த புது ஒடுக்கை விரலால் தடவினார். "நல்லா விழுது தண்ணி" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

குழாயடிக்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து சுவர்ப்பக்கம் வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை.

உங்களுக்கு இப்போது அதற்கென்றே செய்த கூம்பு வந்திருக்கிறதாம். கனமும் அளவும் சரியாக இருக்கும், கோடு போட்டிருக்கும், யாரும் அண்டா வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். நல்லதுதான். ஆனால் அதில் தண்ணீர் பிடிக்க முடியாது.